பயணப் பட்டியலில் இல்லாத செலவு

பெருந்தொற்று ஆண்டுகளில், குறிப்பாக 2021இலும் 2022இலும், தாய்லாந்துக்குச் செல்ல எண்ணிய ஆண்கள் தமக்குள் அடிக்கடி கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது. பட்டாயாவில் இரண்டு வாரம், பகலில் கடற்கரை, இரவில் மதுக்கூடம். மொத்தம் எவ்வளவு ஆகும்? அதற்கு விடையாக வரையப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பை உடையவை. விமானக் கட்டணம், விடுதி வாடகை, ஸ்கூட்டர் வாடகை, உணவு, பீர். இறுதியில் 'இரவுச் செலவு' என்னும் ஒற்றை வரி. தொற்று அப்பட்டியலில் மூன்று வரிகளைப் புதிதாகச் சேர்த்தது: பி.சி.ஆர். பரிசோதனை, தனிமைப்படுத்தல் விடுதி, கோவிட் காப்பீடு.

இத்தகைய பட்டியலை ஒழுக்கக்கேட்டின் சான்றாகக் கொண்டு முகம் சுளிப்பது எளிது. அப்படி வாசிப்பதால் புதிதாக அறியக்கூடியது ஏதுமில்லை. ஆய்வாளர் ஒருவர் அதை ஓர் ஆவணமாக வாசிக்க வேண்டும். எந்த இடருக்கு விலை குறிக்கப்பட்டது, எந்த இடர் விலையின்றி இன்னொருவர் தலையில் ஏற்றப்பட்டது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. பயணிக்கு நேரக்கூடிய இடர் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரியும் ஒரு தொகையும் உண்டு. அவர் யாருடைய துணைக்குப் பணம் கொடுக்கப் போகிறாரோ அந்தத் தொழிலாளிக்கு நேரக்கூடிய இடருக்கு ஒரு வரியும் இல்லை. அந்த இரவு மலிவாக இருந்ததற்கு இந்த விடுபாடும் ஒரு காரணம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதலில், பட்டியலில் இருந்த வரிகள். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 3.98 கோடி பேர். 2021ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 4.28 லட்சம். நூறு பேர் வந்த வாசலில் ஒருவர் மட்டுமே வந்த நிலை. அந்த ஒருவரை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும், ஆனால் அவரால் அரசுக்குச் செலவு வந்துவிடக் கூடாது என்னும் இரட்டை நோக்கமே அக்காலத்து நுழைவு விதிகள் அனைத்திலும் இழையோடுகிறது. 2020 அக்டோபரில் சிறப்புச் சுற்றுலா விசா அறிவிக்கப்பட்டது. அதில் வருவோர் அரசு அங்கீகரித்த விடுதியில் 14 நாள் தம் செலவில் தனித்திருக்க வேண்டும். 1,00,000 அமெரிக்க டாலர் அளவுக்குக் கோவிட் சிகிச்சையை ஏற்கும் காப்பீடு வைத்திருக்க வேண்டும். 2021 ஜூலை 1 அன்று 'புக்கெட் சாண்ட்பாக்ஸ்' தொடங்கியது. தடுப்பூசி செலுத்திக்கொண்டவர் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. தீவைவிட்டு வெளியேறாமல் 14 நாள் இருந்தால் போதும். அதற்கு மூன்று பி.சி.ஆர். பரிசோதனைகள் தேவைப்பட்டன, அவற்றின் கட்டணம் மட்டும் ஏறத்தாழ 8,000 பாட். அதே ஆண்டு நவம்பர் 1 முதல் 'டெஸ்ட் அண்ட் கோ' நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டு வரம்பு 50,000 டாலராகக் குறைந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை ஓர் இரவு விடுதியில் தங்கினால் போதும் என்றாயிற்று. ஒமைக்ரான் பரவலால் டிசம்பரில் இத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் மீண்டும் திறந்து, மே 1 அன்று முடிவுக்கு வந்தது. கட்டாயக் காப்பீடு 2022 ஜூலை 1 அன்று நீங்கியது.

இவ்விதிகள் பயணியின் கையைக் கடித்தன என்பதில் ஐயமில்லை. பணம் கட்டி வந்திறங்கிய ஒருவருக்கு முதல் நாளே தொற்று உறுதியானால், கடற்கரைக்கெனச் சேர்த்த நாள்கள் மருத்துவமனையிலோ, மருத்துவமனையாக மாற்றப்பட்ட விடுதியிலோ கழியும். அறிகுறியே இல்லாதவரை மருத்துவமனையில் சேர்த்ததற்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்த வழக்குகள் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. அதனால் அனுபவமுள்ள பயணிகள் 'அவசரக் கையிருப்பு' என ஒரு தொகையைத் தனியே ஒதுக்கினர். இடரை எண்ணிப் பார்த்து அதற்குப் பணம் ஒதுக்குவதில் குறை காண ஒன்றுமில்லை. அறிவுடையோர் செய்வதும் அதுவே. கேள்வி, அந்த அறிவு எந்த எல்லையில் நின்றுபோயிற்று என்பது.

அந்த எல்லை மதுக்கூடத்தின் வாசலில் இருந்தது. 2021 ஏப்ரல் தொடக்கத்தில் பாங்காக்கின் தோங்லோ பகுதியிலுள்ள இரவு விடுதிகளில் தோன்றிய தொற்றுக் கொத்து அந்நாட்டின் மூன்றாம் அலைக்குத் தொடக்கமாயிற்று. அவை வசதி படைத்தோரும் செல்வாக்குடையோரும் சென்றுவரும் இடங்கள். அதன் விளைவாக மூடப்பட்டவையோ நாடு முழுவதிலும் உள்ள மதுக்கூடங்கள், மசாஜ் கூடங்கள், கரோக்கி அறைகள். புக்கெட்டின் சந்தில் நான்கு நாற்காலி போட்டிருந்த சிறு பாரும் அதில் அடங்கும். இரவு விடுதிகள் சட்டப்படி மீண்டும் திறக்கத் தொடங்கியது 2022 ஜூன் 1 அன்றுதான். ஏறத்தாழ 14 மாதம்.

இந்த 14 மாதத்துக்குள்தான் 'சாண்ட்பாக்ஸ்' திட்டமும் 'டெஸ்ட் அண்ட் கோ' திட்டமும் வருகின்றன என்பது கவனிக்கத்தக்கது. இரவுக்காக வரும் பயணிக்கு வாசல் திறந்திருந்தது. அந்த இரவில் உழைப்பவரின் பணியிடம் சட்டத்தின் கண்ணில் மூடியிருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு நடைமுறைத் தந்திரம் பிறந்தது. பல மதுக்கூடங்கள் உணவகம் என்று பெயர் மாற்றிக்கொண்டு, சுகாதாரச் சான்று பெற்று, அனுமதிக்கப்பட்ட நேரம்வரை மது பரிமாறின. பயணியைப் பொறுத்தவரை இது பெயர்ப்பலகை மாற்றம் மட்டுமே. அங்கு வேலை செய்தவருக்கோ, தன் வேலையின் பெயரே இல்லாத இடத்தில் வேலை செய்யும் நிலை. சோதனை நடந்தால் அவர் பணியாளரா, விருந்தினரா, சட்டத்தை மீறியவரா என்பது அன்றைய அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது.

இந்த மங்கல் நிலை தொற்றால் தோன்றியதன்று. தாய்லாந்தின் 1966ஆம் ஆண்டுப் பொழுதுபோக்கு இடங்கள் சட்டம் மதுக்கூடங்களுக்கும் நடனக் கூடங்களுக்கும் உரிமம் வழங்குகிறது. 1996ஆம் ஆண்டுப் பாலியல் தொழில் தடுப்பு ஒழிப்புச் சட்டமோ, அங்கே பலர் செய்யும் வேலையைக் குற்றமாக்குகிறது. வாடிக்கையாளரை வெளிப்படையாக அழைக்கும் தொழிலாளிக்கு அச்சட்டத்தில் அபராதம் உண்டு. வயது வந்த ஒருவரிடம் செல்லும் வாடிக்கையாளருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. ஆக, கூடத்துக்கு உரிமம் உண்டு. வாடிக்கையாளருக்கு அச்சம் இல்லை. இருவருக்கும் இடையில் நிற்பவர் மட்டும் குற்றவாளி. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பொறுத்தவரை அது வேறு குற்றம். அதில் விவாதத்துக்கு இடமே இல்லை. இங்குப் பேசப்படுவது வயது வந்த தொழிலாளர்களைப் பற்றியது.

இனி அந்த 'இரவுச் செலவு' என்னும் ஒற்றை வரியைப் பிரித்துப் பார்க்கலாம். அது குறைந்தது மூன்று தனித்தனிப் பணங்களின் கூட்டு. முதலாவது 'லேடி டிரிங்க்': வாடிக்கையாளர் தம் அருகில் அமர்ந்தவருக்கு வாங்கித்தரும் மது. அதன் விலை வழக்கமான விலையைவிடக் கூடுதல். அதில் ஒரு பங்கு அவருக்கு, எஞ்சியது கூடத்துக்கு. இரண்டாவது 'பார் ஃபைன்': தொழிலாளி வேலை நேரம் முடியுமுன் வாடிக்கையாளரோடு வெளியேறுவதற்காகக் கூடத்துக்குக் கட்டும் தொகை. மூன்றாவதே தொழிலாளியின் கையில் நேராகச் சேர்வது. பயணியின் ஏட்டில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால், செலவைக் குறைக்க வேண்டும் என்றால் எதில் கைவைப்பது என்னும் கேள்விக்கு ஒரே விடைதான் எஞ்சுகிறது. பீரின் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. பார் ஃபைனைக் கூடம் வகுத்துவிடுகிறது. பேரம் பேசக்கூடியது மூன்றாவது மட்டுமே. சிக்கனம் என்னும் சொல் பயணியின் வாயில் நற்பண்பாக ஒலிக்கும்போது, நடைமுறையில் அது அந்த மூன்றாவது பணத்தைக் குறைப்பதாக முடிகிறது.

தொழிலாளியின் ஏட்டில் வேறு வரிகள் உள்ளன. மாதத்துக்கு இத்தனை பானம் விற்க வேண்டும் என்று வரையறுக்கும் கூடங்கள் உண்டு. விற்காவிட்டால் சம்பளத்தில் வெட்டு. தாமதமாக வந்தால் வெட்டு. விடுப்பு எடுத்தால் வெட்டு. வடகிழக்கில் ஈசான் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்தவர் பலர்; பெற்றோரிடம் வளரும் குழந்தைக்கும், வீட்டுக் கடனுக்கும், தம்பி தங்கையரின் படிப்புக்கும் மாதந்தோறும் பணம் அனுப்புவது அவர்களின் முதற்செலவு. மியன்மாரிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வந்தவர்களுக்கு இவற்றோடு ஆவணச் செலவும் சேரும். இருமலும் காய்ச்சலும் வந்த நாளில் வீட்டிலிருக்க அவர்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லை. பல கூடங்கள் தம் பணியாளரைச் சமூகக் காப்புறுதித் திட்டத்தில் பதிவு செய்வதில்லை. புக்கெட், சோன்புரி மாகாணங்களில் 2020ஆம் ஆண்டின் குறைந்தபட்ச நாள் ஊதியம் 336 பாட். ஒரு பயணி மூன்று பரிசோதனைகளுக்குக் கட்டிய 8,000 பாட், அக்கணக்கில் ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ 24 நாள் கூலி. தன் உடலில் கிருமி இல்லை என்று நிரூபிக்கப் பயணி அவ்வளவு செலவழித்தார். அவருக்கு எதிரே அமர்ந்தவரின் உடலில் கிருமி புகாமல் காக்க, பட்டியலில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது?

அரசு ஒதுக்கியது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல் தாய்லாந்து அரசு அமைப்புசாராத் தொழிலாளர்க்கு மாதம் 5,000 பாட் வீதம் மூன்று மாதம் வழங்கியது. 'ஒருவரையொருவர் கைவிட மாட்டோம்' என்னும் பொருள்பட அத்திட்டத்துக்குப் பெயரும் வைத்தது. விண்ணப்பிக்கும் ஒருவர் தம் தொழிலைக் குறிப்பிட வேண்டும். குற்றமாக்கப்பட்ட தொழிலை அரசுப் படிவத்தில் யார் எழுதுவார்? சிலர் வேறு தொழிலைச் சொல்லிப் பெற்றனர். சிலர் அஞ்சி விண்ணப்பிக்கவே இல்லை. அயல்நாட்டிலிருந்து வந்தவருக்கு அக்கதவே இல்லை. 2021 ஜூன் இறுதியில், 'எம்பவர்' அமைப்பைச் சேர்ந்த பாலியல் தொழிலாளர் பாங்காக்கின் அரசு மாளிகை முன் தங்கள் குதிகால் உயர்ந்த செருப்புகளை வரிசையாக வைத்து நிவாரணம் கோரினர். இரண்டு நாள் கழித்துப் புக்கெட் விமான நிலையத்தில் 'சாண்ட்பாக்ஸ்' பயணிகள் நீர்த்தோரண வரவேற்போடு இறங்கினர். இவ்விரு காட்சிகளையும் ஒரே வாரத்தில் கண்ட நாட்டில், யாருடைய இழப்பு தேசிய இழப்பு, யாருடைய இழப்பு தனியார் விவகாரம் என்பது சொல்லாமலே விளங்கியது.

இங்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. பயணி வராவிட்டால் அத்தொழிலாளி பட்டினி கிடப்பார். ஆகவே பயணியின் வருகையே அவருக்கு நிவாரணம். இதை அலட்சியமாகத் தள்ள இயலாது. கூடங்களைத் திறக்கக் கோரியவர்களுள் தொழிலாளர் அமைப்புகளும் இருந்தன. ஊரில் அரிசி வாங்கப் பணமில்லாதவருக்கு வெளிநாட்டவரின் ஒழுக்கம் பற்றிய விசாரணை எவ்விதத்திலும் உதவாது. ஆனால் இவ்வாதம் ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது: பட்டினிக்கும் தொற்றுக்கும் இடையில் நிறுத்தப்பட்டவர் தொற்றைத் தேர்ந்தார். அத்தகைய தேர்வில் விலை தானாகவே இறங்கும். நூறில் ஒருவர் மட்டுமே வரும் காலத்தில் பேரம் எப்பக்கம் சாயும் என்பதற்குப் பொருளியல் பாடம் தேவையில்லை. 'இப்போது எல்லாம் மலிவு, செல்ல இதுவே தருணம்' என்று பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதன் உட்பொருள் இதுவே. வருகை உதவியாக இருக்கலாம். நெருக்கடியால் விழுந்த விலையைத் தன் சாமர்த்தியமாக எண்ணிக்கொள்வது உதவியாகாது.

இரண்டாவது மறுப்பு, அவர்கள் விரும்பியே வருகிறார்கள் என்பது. விருப்பம் உண்டு என்பதை மறுப்பது அவர்களின் சுயத்தை மறுப்பதாகும். மீட்புப் பணியாளர்கள் காலங்காலமாகச் செய்யும் பிழை அது. விருப்பத்தோடு வேலைக்கு வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் தலைக்கவசம் வேண்டும். வேலையை ஏற்றுக்கொண்டவர் அவ்வேலையின் இடர் அனைத்தையும் தம் செலவில் ஏற்றுக்கொண்டார் என்பது எந்தத் தொழிற்சட்டத்திலும் நிற்காத வாதம். இத்தொழிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது நிற்பதாக எண்ணப்படுகிறது. காரணம், இது தொழில் என்றே எண்ணப்படுவதில்லை.

அந்தக் கடற்கரையின் வரலாறும் இதையே சொல்கிறது. பட்டாயா மீனவர் சிற்றூராக இருந்த இடம். வியட்நாம் போரின்போது அருகிலுள்ள ஊ-தபாவோ தளத்தில் அமெரிக்க விமானப்படை நிலைகொண்டது. வியட்நாமில் போரிட்ட வீரர்கள் ஓய்வுக்குத் தாய்லாந்து வர 1967இல் இரு அரசுகளுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. வீரரின் ஓய்வு நாள்களுக்கு அரசுகள் ஒப்பந்தம் எழுதின. அந்த ஓய்வை உழைப்பாக வழங்கியவருக்கு ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை. போர் முடிந்தபின் வீரரின் இடத்தில் சுற்றுலாப் பயணி வந்தமர்ந்தார். ஏற்பாடு மாறவில்லை. பெருந்தொற்றுக் கால நுழைவு விதிகள் அந்த ஏற்பாட்டின் அண்மைய பதிப்பு.

இதில் இந்தியர் வெறும் பார்வையாளர் அல்லர். 2019இல் தாய்லாந்துக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 20 லட்சம் பேர். குடும்பத்தோடு கோயிலும் கடலும் காணச் சென்றோர் அதில் உண்டு; அலுவலக ஊக்கப் பயணத்தில் சென்றோர் உண்டு; திருமணத்துக்கு முன் நண்பர்களோடு சென்றோரும் உண்டு. 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை இந்தியாவிலிருந்து வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை நிறுத்தப்பட்டிருந்ததால் அந்த ஓட்டம் தடைப்பட்டது, நின்றுவிடவில்லை. அங்கே பாலியல் தொழிலைப் 'பொழுதுபோக்கு' என்று பட்டியலிடும் அதே சமூகம், இங்கே சோனாகாச்சியையும் காமாத்திபுராவையும் 'நோய்ப் பரவல் மையம்' என்ற சொல்லால் மட்டுமே நினைவுகூர்ந்தது. இந்தியாவிலும் அத்தொழிலாளர் குடும்ப அட்டையின்றி, வாடகை பாக்கியோடு ஊரடங்கைக் கடந்தனர். 2020 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது; தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அடையாளம் காணும் பாலியல் தொழிலாளர்க்கு, அடையாள ஆவணத்தை வலியுறுத்தாமல் உலர் உணவுப் பொருள் வழங்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 'அடையாள ஆவணத்தை வலியுறுத்தாமல்' என்னும் அச்சிறு தொடர், பாங்காக்கின் படிவம் செய்யத் தவறியதைச் செய்தது. தொழிலின் பெயரைச் சொன்னால் தண்டனை என்ற அச்சமின்றி ஒருவர் உதவி பெறலாம் என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் அது எல்லா மாநிலங்களிலும் ஒரே சீராக நிறைவேறவில்லை என்றாலும், இடரின் கணக்கில் அவர்களுக்கு ஒரு வரி எழுதப்பட்டது.

கல்விப்புலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுற்றுலா ஆய்வுகள் வருகையாளர் எண்ணிக்கையையும், ஒரு பயணியின் சராசரி நாள் செலவையும், அது தேசிய வருமானத்தில் பெறும் விழுக்காட்டையும் அளக்கின்றன. 2020க்குப் பிறகு எழுதப்பட்ட 'மீட்சி' பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் அதே அளவுகோலைக் கையாள்கின்றன: 2019இன் எண்ணிக்கையை எப்போது எட்டுவோம் என்பதே கேள்வி. பயணியின் செலவு என்னும் மாறி, அச்செலவு யார் கையில் எவ்வளவு தங்கியது என்பதைச் சொல்லாது. 'லேடி டிரிங்க்' உணவு-பானம் என்னும் தலைப்பில் போய்ச்சேரும். 'பார் ஃபைன்' எத்தலைப்பிலும் வராது. பயணி தம் ஏட்டில் செய்த அதே விடுபாட்டை ஆய்வாளர் தம் அட்டவணையில் செய்கிறார். புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர் ஒருவர் வருகைப் புள்ளிவிவரத்தை விட்டுவிட்டு, மூடப்பட்டிருந்த 14 மாதத்தில் ஒரு பணியாளரின் வாடகை, கடன், ஊருக்கு அனுப்பிய தொகை ஆகிய மூன்றை மட்டும் தொடர்ந்து சென்றாலே, இத்துறைக்குத் தெரியாத ஒரு பொருளியல் தெரியவரும்.

பயணத்தைத் தடை செய்வது இக்கருத்தின் நோக்கமன்று. தடை வந்தபோதெல்லாம் முதலில் அடிபட்டவர் யார் என்பதை மேலே சொன்ன 14 மாதமே காட்டிவிட்டது. கோருவது கணக்கில் நேர்மை. காய்ச்சல் இருக்கும் இரவில் அறையிலேயே தங்குவதற்கான பணத்தைப் பயணி தமக்கென ஒதுக்குகிறார்; அதே உரிமை எதிரே இருப்பவருக்கும் உண்டு என்பதை அவர் தரும் தொகை ஏற்க வேண்டும். பேரம் பேசிக் குறைத்த தொகை எதிலிருந்து குறைந்தது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். நுழைவுக்கு 50,000 டாலர் காப்பீடு கேட்கத் தெரிந்த அரசு, அந்த நுழைவால் இடருக்கு உள்ளாகும் பணியாளருக்கும் ஒரு நிதியை அக்கட்டணத்திலிருந்தே உருவாக்கியிருக்கலாம். விமான நிலையத்தில் வசூலிக்கத் தெரிந்த கைகளுக்கு அதைப் பகிரத் தெரியாமல் போவதற்கில்லை. அத்தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கித் தொழிற்சட்டத்தின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று தாய்லாந்துத் தொழிலாளர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் இதற்காகவே. பெயர் உள்ள வேலைக்கே நிவாரணப் படிவத்தில் ஓர் இடம் கிடைக்கும்.

அடுத்த பெருந்தொற்று வரும்போதும் பயணிகள் பட்டியல் எழுதுவார்கள். பரிசோதனைக்கு ஒரு வரி, காப்பீட்டுக்கு ஒரு வரி, அவசரத்துக்கு ஒரு வரி என்று அவை அமையும். 'இரவுச் செலவு' அப்போதும் ஒற்றை வரியாகவே இருக்குமானால், கடந்துபோன பெருந்தொற்றிலிருந்து கற்றது தம்மைக் காத்துக்கொள்ளும் வழி ஒன்றைத்தான்.